ஆல்பைன் ஸ்ட்ராபெரி: வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கிக் கட்டிய மூன்று பாத்திகள் இருக்கின்றன. அவற்றின் ஓரம் முழுக்க ஒன்பது வருடமாக ஆல்பைன் ஸ்ட்ராபெரி வளர்க்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு பழத்தை வாயில் போட்டதும் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். அவற்றோடு நண்பர்கள் போனில் கேட்டவற்றையும் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கடையில் டப்பாவில் விற்கிற ஸ்ட்ராபெரியின் சின்ன வடிவம்தானே இது?

இல்லை. இரண்டும் சொந்தக்காரர்கள், ஆனால் வேறு வேறு இனங்கள்.

கடையில் வாங்கும் பெரிய பழத்துக்கு வயது முந்நூறு வருடம்கூட இல்லை. ஃப்ரேசியே என்ற பிரெஞ்சுக்காரர் 1714-இல் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். பிழைத்து வந்து சேர்ந்தவை ஐந்தே செடிகள். ஐந்துமே பெண் செடிகள் என்பதால் தனியாக நட்டபோது காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெரியைப் பக்கத்தில் நட்ட பிறகுதான் காய்த்தன. அந்தக் கலப்பில் வந்ததுதான் இன்று மகாபலேஸ்வரிலும் ஊட்டியிலும் பயிராகும் பெரிய ஸ்ட்ராபெரி. ஃப்ரேஸ் என்றால் பிரெஞ்சில் ஸ்ட்ராபெரி. கொண்டுவந்தவரின் பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அதற்கு முன்னால் ஐரோப்பியர் ஸ்ட்ராபெரி என்று சாப்பிட்டதெல்லாம் பெரும்பாலும் காட்டு ஸ்ட்ராபெரிதான். ஃப்ராகேரியா வெஸ்கா என்பது அதன் தாவரப் பெயர். 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் மன்னர் ஐந்தாம் சார்லஸ், பாரிஸில் லூவ்ர் அரண்மனைத் தோட்டத்தில் 1,200 செடிகள் நட வைத்திருக்கிறார். இந்தக் காட்டுச் செடி வருடத்தில் ஒரு பருவம் மட்டுமே காய்க்கும், ஓடுதண்டு விட்டுக் கண்டபடி பரவும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் கண்டெடுத்த ஒரு வகை மட்டும் குளிர்காலம் வரும்வரை விடாமல் பூத்துக் காய்த்தது. அதுதான் ஆல்பைன் ஸ்ட்ராபெரி. இன்று தோட்டங்களில் இருக்கும் ரகங்களில் பெரும்பாலானவை ஓடுதண்டும் விடாமல் குத்தாக நின்று வளர்கின்றன. செம்பர்ஃப்ளோரென்ஸ் என்று இதற்கு வைத்த லத்தீன் பெயருக்கு ‘எப்போதும் பூப்பது’ என்று பொருள். பூக்கும் பருவத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டுப் போனதுதான் காரணம் என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள்.

ருசி எப்படி இருக்கும்? இவ்வளவு சின்னப் பழத்துக்காக இத்தனை பாடு படலாமா?

பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். எடை ஒரு கிராம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் காலை பத்து மணி வெயிலில் நன்றாகப் பழுத்ததைக் கிள்ளி வாயில் வைத்தால், கடித்து முடிப்பதற்குள் வாசனை மூக்கு வரை ஏறிவிடும். இனிப்பு அப்புறம்தான் தெரியும்.

இந்தக் காட்டு இனத்தின் வாசனையில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. திராட்சை மிட்டாய்க்கு வாசனை ஏற்றுவது அதுதான். நம் குண்டுமல்லியின் மணத்திலும் அதே பொருள் கலந்திருக்கிறது. எங்கள் அம்மா முதல்முறை சாப்பிட்டபோது, “என்னடி இது, பழத்துல பூ வாசனை வருது” என்று சொன்னார். எனக்கு அப்போது இந்த ரசாயனம் எதுவும் தெரியாது. பிறகு படித்தபோதுதான் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது.

பெரிய ஸ்ட்ராபெரி ரகங்கள் பலவற்றில் இந்தப் பொருள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அளவு, உறுதி, லாரியில் நசுங்காமல் போகும் தன்மை என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் மணம் கழிந்துவிட்டது. ஆல்பைன் பழமோ பறித்த மறுநாளே குழையத் தொடங்கும். எந்தக் கடைக்கும் வந்து சேராது. இந்த மணம் வேண்டும் என்றால் செடி நம் வீட்டில் இருந்தாக வேண்டும். நான் இதை வளர்க்கக் காரணம் இது ஒன்றுதான்.

ஊட்டியில் புல்தரையெல்லாம் சிவப்பாகச் சின்ன ஸ்ட்ராபெரி கிடக்கிறதே, அதுவா இது?

அது வேறு. பூவைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அது போலி ஸ்ட்ராபெரி. ஆல்பைனுக்கு வெள்ளைப் பூ, ஐந்து இதழ். போலியின் பழம் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், மேலே விதைபோல் இருக்கும் குறுமணிகளும் சிவப்பாகப் புடைத்திருக்கும், கடித்தால் வெறும் தண்ணீர் ருசி. விஷமில்லை, ஆனால் சாப்பிட்டுப் பயனில்லை. ஸ்ட்ராபெரி இனங்களைப் பற்றி 1766-இல் பெரிய நூல் எழுதிய டுஷேன் என்ற பிரெஞ்சு இளைஞரின் பெயரைத்தான் இந்தப் போலிக்கு முன்பு வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் உண்மையான ஸ்ட்ராபெரியோடு இருந்தவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

உண்மையான காட்டு ஸ்ட்ராபெரியும் நீலகிரியில் உண்டு. ஃப்ராகேரியா நில்கெர்ரென்சிஸ். பெயரிலேயே நம் மலை இருக்கிறது பாருங்கள். இலையிலும் தண்டிலும் அடர்ந்த ரோமம் இருக்கும், பழம் வெளிறிய வெள்ளையில் லேசான இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும். இமயமலைப் பக்கத்திலும் தென்மேற்குச் சீனாவிலும்கூட இதே இனம் வளர்கிறது. சோலை ஓரத்தில் எங்காவது கண்ணில் பட்டால் பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். தோண்டி எடுத்துவர வேண்டாம்.

சென்னையில், மதுரையில் வளர்க்க முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், வேண்டாம். இந்தச் செடிக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். பகல் 30 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் பூப்பது நின்றுவிடும், இலை ஓரம் கருகும், சித்திரை வெயிலுக்குள் செடியே போய்விடும். மார்கழியில் ஒரு தொட்டியில் நாலு பழம் பார்த்தவர்கள் இருக்கலாம். அந்த உழைப்புக்கு அங்கே கத்திரியும் கீரையும் அள்ளிக் கொடுக்கும்.

நம் பக்கத்தில் இதற்கு ஏற்ற இடங்கள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், அப்புறம் ஏற்காட்டின் உயரமான பகுதிகள். இலங்கையில் நுவரெலியா. சுமாராக 1,500 மீட்டருக்கு மேல் இருந்தால் கவலையில்லை. ஓசூர், பெங்களூரு போன்ற நடுத்தர உயரங்களில் ஐப்பசி முதல் மாசி வரை காய்க்க வைக்கலாம். பங்குனிக்குப் பிறகு பகல் முழுக்க நிழல் விழும் இடத்துக்குத் தொட்டியை மாற்றி, கோடையைக் கடத்திவிட வேண்டும்.

எந்த ரகம் வாங்குவது?

சிவப்பில் ‘ரூகன்’, ‘அலெக்ஸாண்ட்ரியா’, ‘மினியனெட்’, ‘பாரன் சோலமாக்கர்’ ஆகியவை பழைய, நம்பகமான ரகங்கள். வெளிர் மஞ்சளில் ‘யெல்லோ வொண்டர்’, ‘பைன்ஆப்பிள் க்ரஷ்’. நான் தொடங்கியது அலெக்ஸாண்ட்ரியாவில். இப்போது பாதிக்குமேல் மஞ்சள் ரகம்தான். பறவைகள் அதைக் கண்டுகொள்வதில்லை, மணமும் ஒரு படி கூடுதல் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்குச் சிவப்புதான் வேண்டும்.

இணையத்தில் நீல ஸ்ட்ராபெரி விதை விற்கிறார்களே?

வாங்காதீர்கள். நீல ஸ்ட்ராபெரி என்று ஒன்று உலகத்தில் கிடையாது, படத்தில் நிறம் மாற்றியிருக்கிறார்கள். நானும் முதல் வருடம் ‘ஆல்பைன்’ என்று போட்டிருந்த ஒரு பாக்கெட் வாங்கினேன். நாலு மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்த பிறகு அது ஏதோ ஒரு களைச்செடி என்று தெரிந்தது. ரகத்தின் பெயரும் பாக்கெட் செய்த தேதியும் போட்டிருக்கிற விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அதற்குக் காரணமும் உண்டு. ஒரு பாக்கெட்டோடு ஒரு நோயும் வந்து இறங்கலாம்.

விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. என்ன தப்பு?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். இந்தச் செடியில் கஷ்டமான கட்டமும் இது ஒன்றுதான். இதைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலும் மூன்று தப்புகளில் ஒன்று நடந்திருக்கும். விதையை மண்ணுக்குள் புதைத்திருப்பீர்கள், அல்லது ஒரு நாள் மேல்மண் காய்ந்திருக்கும், அல்லது இரண்டு வாரத்தில் நம்பிக்கை இழந்து தட்டைக் கொட்டியிருப்பீர்கள்.

விதை கசகசாவைப் போல அவ்வளவு சிறியது. முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் மேலே மண் போடவே கூடாது. நான் செய்வது இப்படி. கோகோபீட்டையும் நன்றாகச் சலித்த மண்புழு உரத்தையும் மூன்றுக்கு ஒன்று என்று கலந்து, மூடியுள்ள ஒரு பழைய இனிப்பு டப்பாவில் இரண்டு அங்குலம் நிரப்புவேன். அடியில் ஓட்டை போட்டு, டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் கீழிருந்தே ஈரம் ஏற விடுவேன். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் விதையைக் கொட்டி, ஈர்க்குச்சியின் நுனியை எச்சில் ஈரத்தளவுக்கு நனைத்துத் தொட்டால் ஒரு விதை ஒட்டிக்கொண்டு வரும். அதை மண்மேல் வைத்து லேசாக அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஐம்பது விதை வைக்க அரை மணி நேரம் ஆகும். சன்னலோரம் உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு தும்மல் வந்தால் மொத்தமும் போய்விடும்.

அடுத்தது குளிர். மூடி போட்ட டப்பாவை அப்படியே ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கும் பகுதியில் மூன்று வாரம் வைப்பேன். ஃப்ரீசரில் அல்ல. பனிக்காலம் வந்து போய்விட்டது என்று விதையை நம்ப வைக்கும் வேலை இது. சில விதைகள் இது இல்லாமலும் முளைக்கும், ஆனால் ஒன்றிரண்டாகத்தான் வரும். குளிரூட்டினால் கிட்டத்தட்ட ஒன்றாக எழுந்துவரும்.

வெளியே எடுத்தபின் வெளிச்சமான சன்னலில், நேர் வெயில் படாத இடத்தில் 18 முதல் 22 டிகிரி இருக்கும்படி வைக்க வேண்டும். மூடியின் உட்பக்கம் எப்போதும் வியர்த்திருக்க வேண்டும். முதல் முளை இரண்டு வாரத்தில் தெரியலாம், ஆறு வாரமும் ஆகலாம். பச்சை ஊசிமுனை போல இரண்டு வித்திலைகள் வரும். கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்து ஒற்றையாக ஓர் இலை, ஓரம் வெட்டு வெட்டாக. அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த மூவிலை வரும். இந்த ஒரு மாதம் நாற்று அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அடியில் வேர் ஓடிக்கொண்டிருக்கும், பொறுத்திருங்கள்.

முளைத்தபின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றுப் பழக்கவேண்டும். இல்லையென்றால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்துவிடும். தண்ணீரை எப்போதும் அடியிலிருந்தே கொடுங்கள். மூன்று இலை வந்ததும் குழித்தட்டுக்கு மாற்றலாம்.

எந்த மாதத்தில் தொடங்க வேண்டும்?

நான் தை மாதம் விதைப்பேன். நாற்று வளர நாலு மாதம் ஆகும். வைகாசியில் கோடை மழை மண்ணை நனைத்த பிறகு பாத்திக்கு மாற்றுவேன். ஆவணி, புரட்டாசியில் முதல் பழம் வரும். ஊட்டியில் உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் மாசிக்கு முன் வெளியே நட வேண்டாம்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

லேசான அமில மண் இதற்குப் பிடிக்கும். கார அமில நிலை 5.5-லிருந்து 6.5-க்குள் இருந்தால் போதும். மலைமண் தேயிலைக்கு ஏற்றது, பல இடங்களில் 5-க்கும் கீழே போய்விடும். அப்படியானால் நடுவதற்கு ஒரு மாதம் முன்னால், தேயிலைத் தோட்டத்துக்குப் போடும் அதே டோலமைட்டைச் சதுர மீட்டருக்கு ஒன்றிரண்டு கைப்பிடி தூவிக் கிளறிவிட வேண்டும். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

நடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இலைகள் கிளம்பும் அந்தக் குருத்து மண்மட்டத்தில் சரியாக உட்கார வேண்டும். அதைப் புதைத்தால் அழுகும், தூக்கி நட்டால் வேர் காயும். நட்ட பிறகு விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், மண் குருத்துக்குள் விழுந்திருந்தால் ஊதி விடுங்கள். செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி போதும்.

வெயிலா, நிழலா?

காட்டு ஓரத்துச் செடி என்பதை மனதில் வைத்தால் போதும். காலை வெயில் நாலைந்து மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். எங்கள் வீட்டில் பேரிக்காய் மரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் செடிகள்தான் எப்போதும் செழிப்பு. முழு நிழலில் இலை அழகாக இருக்கும், பழத்தில் இனிப்பு இருக்காது.

தண்ணீர் எவ்வளவு?

வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே இருக்கும். அதனால் மண் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது. மழை இல்லாத மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பூவாளியில், இலைமேல் படாமல் அடியில் ஊற்றுகிறேன். பாத்திக்குக் காய்ந்த புல்லோ சில்வர் ஓக் சருகோ மூடாக்குப் போட்டால் இதுவும் குறையும், பழமும் மண்படாமல் சுத்தமாக இருக்கும். உப்பு நீர் இதற்கு ஆகாது. போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

தொட்டியில் வளருமா?

நன்றாக வளரும். ஓடுதண்டு விடாத செடி என்பதால் அடக்கமாக இருக்கும். எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி, ஒன்றரை அடி க்ரோ பேக்குக்கு மூன்று. தொட்டி மண் சீக்கிரம் காயும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தொட்டி வேண்டாம், வெயிலில் வேர் வெந்துவிடும்.

என்ன உரம் போட வேண்டும்?

குறைவாகப் போடுங்கள். மக்கிய சாணமோ மண்புழு உரமோ வருடத்துக்கு இரண்டு முறை, செடிக்கு ஒரு கைப்பிடி. பூக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை நீர்த்த பஞ்சகாவ்யா கொடுப்பேன், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. யூரியாவைக் கையால்கூடத் தொட வேண்டாம். இலை கொழுத்து, பழம் நீர்த்து, அசுவினி கூடிவிடும். கோழி எருவும் புதிதாகப் போட்டால் வேரைச் சுட்டுவிடும்.

எத்தனை செடி வைத்தால் வீட்டுக்குப் போதும்?

பத்துச் செடி வைத்தவர்கள், “பழமே வரவில்லை” என்பார்கள். வந்திருக்கும். நடந்துபோகும்போது வாயில் போட்டதில் கணக்குத் தெரியாமல் போயிருக்கும். ஒரு செடியில் ஒரே நாளில் ஐந்தாறு பழத்துக்குமேல் பழுப்பது அபூர்வம். நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வேண்டும் என்றால் முப்பது செடியாவது வேண்டும். பாத்தியின் ஓரத்தில் வரிசையாக நட்டால் தனி இடமே தேவைப்படாது. எங்களுடையதும் முட்டைக்கோஸ், கேரட் பாத்திகளின் விளிம்பில்தான் நிற்கின்றன.

பழுத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

சிவப்பானதும் பறித்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. சிவந்த பிறகும் இரண்டு நாள் விடுங்கள். நிறம் அடர்ந்து, பழம் லேசாக மென்மையாகும். இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் காம்பும் பச்சைப் பூவிதழ்க் கொத்தும் செடியிலேயே தங்கி, பழம் மட்டும் குல்லாய் கழன்றதுபோலக் கையோடு வரவேண்டும். பலமாக இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஆகவில்லை. விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள். பறித்து வைத்தால் பழுக்காது.

மஞ்சள் ரகத்தில் நிறத்தை நம்ப முடியாது. குனிந்து மூக்கை வைத்துப் பாருங்கள். பழுத்திருந்தால் ஓர் அடி தூரத்திலேயே மணக்கும். குறுமணிகள் பழுப்பாகியிருக்கும், சதை வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கும். அந்தக் குறுமணிதான் உண்மையில் கனி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. நாம் சாப்பிடும் சதை, பூவைத் தாங்கிய அடிப்பகுதி பருத்து வந்தது.

சுவீடனில் காட்டு ஸ்ட்ராபெரிக்கு ஸ்முல்ட்ரோன் என்று தனிப்பெயர் உண்டு, பெரிய ஸ்ட்ராபெரியை அந்தப் பெயரால் சொல்வதே இல்லை. அங்கே பிள்ளைகள் நீளமான புல்தண்டில் இந்தப் பழங்களை மணி கோப்பதுபோல் கோத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்களாம். இதைச் சொன்ன நாளிலிருந்து என் தங்கை மகளும் அப்படித்தான் பறிக்கிறாள். ஒரு தண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பழம் பிடிக்கும். கிண்ணத்தில் போட்டால் அடியில் இருப்பது நசுங்கும், புல்லில் கோத்தது நசுங்குவதில்லை.

பறவை, நத்தை, குரங்கு?

சிவப்புப் பழத்துக்குச் சின்னான் குருவி முதலில் வந்துவிடும். எங்கள் பக்கம் நீலகிரி சிரிப்பானும் கூட்டமாக வந்து இறங்கும். பாதி அவற்றுக்கு என்று நான் விட்டுவிட்டேன். விட மனமில்லாதவர்கள் மெல்லிய வலையை வளைவுக் கம்பிமேல் போடலாம், குருவி சிக்காதபடி இழுத்துக் கட்டுங்கள். மஞ்சள் ரகம் நட்டால் வலையே வேண்டாம்.

ஓடில்லா நத்தைதான் உண்மையான தொல்லை. மழைக்கால இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் பழத்தைக் குடைந்துகொண்டிருக்கும். மாலையில் ஒரு பழைய சாக்கை ஈரமாக்கிப் பாத்தி நடுவே போட்டுவிட்டு, விடிந்ததும் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கிவிடலாம். ஒரு வாரம் விடாமல் செய்தால் நன்றாகக் குறையும்.

குரங்குக்கு என்னிடம் வழி இல்லை. வந்தால் செடியோடு பிடுங்கும். கூண்டுபோல் கம்பிவலை அடித்தவர்கள் மட்டுமே தப்பித்திருக்கிறார்கள்.

மழை மாதங்களில் பழத்தின்மேல் சாம்பல் பூசியதுபோல் வருகிறதே?

சாம்பல் பூஞ்சை. அந்தப் பழத்தையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்த பழத்தையும் உடனே எடுத்து, உரக்குழியில் போடாமல் தள்ளிப் புதைத்துவிடுங்கள். அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். தொடர்மழையில் பழுத்ததைச் செடியில் விட்டுவைக்க வேண்டாம். கோடையில் இலையின் அடியில் செஞ்சிலந்தி வந்தால், அதிகாலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

உறைபனியில் செத்துவிடுமா?

செடி சாகாது. ஆல்ப்ஸில் பனிக்கு அடியிலேயே கிடந்து பழகியது. பூ மட்டும் போகும். விடிந்து பார்க்கும்போது பூவின் நடுப்பகுதி கறுத்திருந்தால் அது காய்க்காது. மாலையில் ஒரு பழைய வேட்டியை மூடிவிட்டுக் காலையில் எடுத்தால் பூவும் பிழைக்கும்.

ஒரு செடி எத்தனை வருடம் காய்க்கும்?

மூன்று நாலு வருடம் நன்றாக. அதற்குமேல் குருத்துப் பகுதி கட்டையாகி மண்ணைவிட்டு மேலே எழும்பும், பழம் சிறுக்கும். அப்போது மழை ஓய்ந்த ஒரு நாளில் தோண்டி எடுத்து, நடுக்கட்டையை விட்டுவிட்டு, வேரோடு இருக்கும் ஓரக் குருத்துகளைப் பிரித்துப் புதிய இடத்தில் நடுங்கள். ஒரு பழைய செடியிலிருந்து நாலைந்து கிடைக்கும்.

ஜாம் போடலாமா?

போடலாம், ஆனால் கிலோக் கணக்கில் சேராது. நான் ஒருமுறை ஃப்ரீசரில் சேர்த்துச் சேர்த்து ஒரு பாட்டில் போட்டேன். குறுமணி பல்லில் மாட்டியது, வாசனையும் பாதி ஆவியாகப் போய்விட்டது. அதைவிட, பறித்த பழத்தைக் கொஞ்சம் சர்க்கரையோடு பத்து நிமிடம் ஊறவைத்துக் கெட்டித் தயிரில் கலந்து சாப்பிடுங்கள். கழுவ வேண்டாம், வாசனை போய்விடும். மருந்து அடிக்காமல் வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்ட்ராபெரி ஒவ்வாமை உள்ளவர்கள் இதையும் தவிர்க்க வேண்டும்.

லண்டனில், டொராண்டோவில் இருக்கிறோம். எங்களுக்கு?

உங்களுக்குத்தான் இது இன்னும் எளிது, செடியின் சொந்தக் குளிரே அங்கே இருக்கிறது. பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்து, கடைசி உறைபனி முடிந்ததும் வெளியே நடுங்கள். கோடை நடுவிலிருந்து இலையுதிர்காலப் பனி வரை காய்க்கும். டொராண்டோ குளிரில் செடிமேல் ஒரு கை உயரத்துக்கு வைக்கோல் மூடிவிட்டால் வசந்தத்தில் திரும்ப எழும்பும். தொட்டியில் இருந்தால் சுவரோரம் நகர்த்திவையுங்கள்.

விதை எடுத்து வைக்கலாமா? அதே ரகம் வருமா?

வரும். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி என்பதால் தாயைப் போலவே வரும். பெரிய ஸ்ட்ராபெரி பக்கத்தில் இருந்தாலும் பயமில்லை. அதற்கு 56 குரோமோசோம், இதற்கு 14, இரண்டும் எளிதில் சேராது. சிவப்பும் மஞ்சளும் மட்டும் தேனீயால் கலக்கலாம், அவற்றைத் தள்ளி நடுங்கள்.

நன்றாகப் பழுத்துக் குழைந்த பழத்தை ஒரு செய்தித்தாளில் தேய்த்துக் காயவிடுங்கள். மூன்றாம் நாள் நகத்தால் சுரண்டினால் குறுமணி உதிரும். காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரும் மாதமும் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். நான் இப்போதெல்லாம் அதுகூடச் செய்வதில்லை. குருவி தின்று போட்டதில் கல் இடுக்கிலும் படிக்கட்டு ஓரத்திலும் தானாக முளைத்து நிற்கின்றன. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது ஒரு கரண்டியால் தோண்டி, பழைய டம்ளரில் வைத்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.